இடம் பிடிக்கப் போன லேப்டாப்

கொடைக்கானலுக்கு வேலையாகப் போயிருந்த பிராங்கிளின், ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒரு கையில் பட்டர் ஃப்ரூட் பையும் மறு கையில் ஒன்றுமில்லாமலும் வாசலில் வந்து நின்றதோடு போன வாரம் விட்டோம். லேப்டாப் எங்கே என்று அவன் மனைவி சகாயசெல்வி கேட்டாள். அவன் தண்ணீர் கேட்டான்.

நடந்ததை அவன் சொல்லி முடிப்பதற்குள் திங்கட்கிழமை விடிந்துவிட்டது. ஒரேயடியாகச் சொல்லியிருந்தால் அவளும் ஒரேயடியாகத் திட்டி முடித்துவிட்டுத் தூங்கியிருப்பாள். ஆனால் கல்யாணமான நாளிலிருந்து பிராங்கிளின் எந்தக் கெட்ட செய்தியையும் தவணை முறையில்தான் சொல்லி வருகிறான். முதலில் லேப்டாப் பத்திரமாக இருக்கிறது என்றான். பிறகு பஸ்ஸில் இருக்கிறது என்றான். எந்த பஸ் என்பதைக் காலை இட்லிக்கு முன்னால் உட்கார்ந்துதான் சொன்னான்.

வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் லீவு முடிந்து ஊர் திரும்புகிற கூட்டமாம். மலையிலிருந்து வந்த வண்டி அதோடு சரி என்று இறக்கிவிட்டுவிட்டது. திண்டுக்கல் வண்டி வந்து நின்றதும் ஆளாளுக்கு ஜன்னல் வழியாகத் துண்டையும் கர்ச்சீப்பையும் போட்டு இடம் பிடித்தார்கள். பிராங்கிளினும் போட்டான். அவன் போட்டது லேப்டாப் பையை.

போட்டதுதான் போட்டான், சரியான வண்டியிலாவது போட்டானா? இரண்டு வண்டிகளுக்கு நடுவில் கூட்டம் அவனைத் தள்ளிய தள்ளலில் பக்கத்தில் நின்ற திருச்சி வண்டியின் ஜன்னலில் போட்டுவிட்டு, திண்டுக்கல் வண்டியின் படியில் ஏறினான். உள்ளே போய்ப் பையைத் தேடி முடிப்பதற்குள் திருச்சி வண்டி கிளம்பிவிட்டது. இவன் கூட்டத்துக்குள் இறங்கவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் திண்டுக்கல் வந்து சேர்ந்தபோது, அந்த வண்டி ஊரைத் தாண்டிப் போயிருந்தது.

"கர்ச்சீப் இல்லையா ஒங்ககிட்ட?" என்று கேட்டாள் செல்வி.

"கர்ச்சீப்னா எடுத்துப் போட்டுட்டு உக்காந்துருவாய்ங்க செல்வி. பைன்னாத்தான் ஒரு மரியாதை."

"அப்ப பட்டர் ஃப்ரூட் பையப் போட்டுருக்கலாம்ல?"

"நசுங்கிருமே" என்றான் பிராங்கிளின்.

செல்வி தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். அதற்கு மேல் அங்கே நின்றிருந்தால் என்ன செய்திருப்பாள் என்று அவளுக்கே தெரியாது.

புதிதாகச் சேர்ந்த வாசகர்களுக்கு இந்த வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். திண்டுக்கல் நாகல் நகரில் இருதயா பூட்டு நிலையம் என்றால் தெரியாதவர் இல்லை. முன்னால் கடை, நடுவில் ஆபீஸ் அறை, பின்னால் வீடு. செல்வியின் மாமனார் இருதயநாதன் ஆரம்பித்தது. லாட்ஜ், ஹாஸ்டல், குடோன், கோயில் உண்டியல் என்று எங்கெங்கோ அவர் பூட்டு தொங்குகிறது. அவர் கடைக்கு இருக்கிற பேரே ஒரு காரியத்தால் வந்தது. சாவி தொலைந்துபோனால் பூட்டை உடைக்க வேண்டியதில்லை. ஒரு போன் போட்டால் போதும், எந்த வாசலுக்கு எந்தச் சாவி, அதன் பல் ஒவ்வொன்றும் எவ்வளவு ஆழம் என்று பார்த்துச் சாயங்காலத்துக்குள் வேறு சாவி வெட்டிக் கொடுத்துவிடுவார்கள்.

அந்த விவரம் முழுக்க முன்பு நோட்டுகளில் இருந்தது. ஒரு மழைக்காலத்தில் கரையான் பாதி நோட்டைத் தின்ற பிறகு, மிச்சத்தையும் மாமனாரின் ஞாபகத்தில் இருந்ததையும் கேட்டுக் கேட்டு லேப்டாப்பில் ஏற்றியவள் செல்வி. கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு ஏற்றினாள். அந்தக் குழந்தை அனிஷா இப்போது ஸ்கூலுக்குப் போகிறாள்.

ஆக, பஸ்ஸில் போனது வெறும் லேப்டாப் இல்லை. ஊரில் பாதிக் கதவுகளின் சாவி, விலாசத்தோடு போயிருக்கிறது. வேலை தெரிந்த எவனும் அதைப் பார்த்துச் சாவி வெட்டிக்கொண்டு, பூட்டில் ஒரு கீறல் விழாமல் உள்ளே போய் வந்துவிடலாம். அது மட்டும் நடந்தால் இருதயநாதன் பூட்டை அப்புறம் எவரும் சைக்கிளுக்குக்கூட வாங்க மாட்டார்கள்.

செல்வியின் தம்பி டோனி கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவன். லேப்டாப் வாங்கின அன்றே வந்து, தொலைந்துபோனால் என்ன செய்வது என்று மணிக்கணக்காகப் பேசிவிட்டுத்தான் போனான். எல்லாரும் நன்றாகத் தலையை ஆட்டினார்கள்.

பாஸ்வேர்டை யாருக்கும் தெரியாமல் வைத்துக்கொள்ளச் சொன்னான். கடையில் ஒவ்வொரு பூட்டுக்கும் நம்பர் எழுதி ஒட்டுகிற பழக்கத்தில், பிராங்கிளின் அந்த பாஸ்வேர்டை அழகாக எழுதி லேப்டாப்பிலேயே ஒட்டிவிட்டான். இன்டர்நெட்டில் ஒரு காப்பி போட்டு வைக்கலாம் என்று டோனி சொன்னபோது மாமனார் அதை ஒரே பேச்சில் முடித்துவிட்டார். நம்மை நம்பிக் கொடுத்த சாவியை ஊர் பேர் தெரியாத எவன் வீட்டிலோ கொண்டுபோய் வைப்பதா என்று கேட்டார். செல்வி எல்லாவற்றையும் ஏற்றி முடித்ததும் மறுபடி வந்து, இதையாவது வேறு இடத்தில் பத்திரமாக வையுங்கள் என்று ஒரு சின்ன ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனான். அதற்குத் தனி பாஸ்வேர்ட், அது செல்விக்கு மட்டுமே தெரியும். அதனால்தான் அது எங்கேயும் ஒட்டப்படாமல் இருக்கிறது.

செல்வி அந்த ஹார்ட் டிஸ்க்கைப் பீரோவில் வைத்தாள். மாமனார் அதை எடுத்து லேப்டாப் பையோடு கம்பியால் கட்டினார். இவள் அவிழ்க்கச் சொல்லிப் பீரோவில் வைத்தாள். அவர் மறுபடியும் கட்டினார். ஏன் மாமா என்று கேட்டதற்கு, "ஆத்தா, மாத்துச் சாவியப் பூட்டோட கட்டித்தான் குடுக்கணும். பூட்டு ஒரு பக்கம் சாவி ஒரு பக்கம் கெடந்தா அது யாவாரமா?" என்றார். ஆயுசு முழுக்க விற்ற ஒவ்வொரு பூட்டிலும் மாற்றுச் சாவியைக் கம்பியில் கோத்துக் கொடுத்த கை. அதற்கு வேறு எப்படிச் செய்வதென்று தெரியவில்லை.

அந்தக் கட்டும் லேசுப்பட்ட கட்டு இல்லை. கம்பியை முறுக்கி, முனையை உள்ளுக்குள் மடக்கிச் செருகிவிடுவார். இழுக்க இழுக்க இறுகும். அறுத்தால்தான் வரும். அறுக்காமல் அவிழ்க்கிற வித்தை அவருக்கும் அவர் பெற்ற இரண்டு பிள்ளைகளுக்கும்தான் தெரியும். இளையவன் நம் பிராங்கிளின். மூத்தவன் சூசைமாணிக்கம், போன வருடம் சண்டை போட்டுப் பிரிந்துபோய், நேர் எதிரே ரோட்டுக்கு அந்தப் பக்கம் பூட்டுக் கடை வைத்திருக்கிறான். அன்றிலிருந்து இருதயநாதன் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அம்மாவுக்குக் காய்ச்சல் என்று சனிக்கிழமை சூசைமாணிக்கம் கஞ்சி கொண்டுவந்ததும், போன் சார்ஜ் போட ஆபீஸ் அறையில் செத்த நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனதும், அப்பா தலை தெரிந்ததும் பின்வாசல் வழியாக நழுவியதும் தவறாமல் படிக்கிறவர்களுக்கு நினைவிருக்கும்.

காலை முழுவதும் வீடு ஒரு நிலையில் இல்லை. மாமியார் அன்னாள், காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிற அந்தோணியாருக்கு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, காய்ச்சல் தேறாத உடம்போடு அவர் முன்னாலேயே உட்கார்ந்துவிட்டாள். மாமனார் ஒரே பூட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிராங்கிளின் மட்டும் பட்டர் ஃப்ரூட் இன்னும் பழுக்கவில்லை, அரிசிக்குள் போட்டு வைக்கலாமா என்று கேட்டான். செல்வி திரும்பிப் பார்த்த பார்வையில் அதைக் கீழே வைத்துவிட்டான்.

அந்த நேரம் பார்த்துத்தான் மஹ்ஜபீன் வந்தாள்.

மஹ்ஜபீன் பெண்கள் ஹாஸ்டல் நடத்துகிறவள். ஹாஸ்டல் ஆரம்பித்த நாளிலிருந்து இவர்கள் பூட்டுதான். மூன்றாம் நம்பர் அறைச் சாவியை ஒரு பெண் தொலைத்துவிட்டதாகவும் சாயங்காலத்துக்குள் வேறு சாவி வேண்டுமென்றும் சொல்லிவிட்டு, உரிமையோடு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

அவள் முதுகுக்குப் பின்னால் நின்ற பிராங்கிளின் கண்ணாலும் கையாலும் ஜாடை காட்டினான். மெஷின் ரிப்பேர் என்று சொல்லு என்பது அதற்கு அர்த்தம். செல்வியும் அப்படித்தான் ஆரம்பித்தாள். மெஷின் என்ற சொல் வாயில் வந்தது. அதற்கு மேல் வரவில்லை. எதிரில் உட்கார்ந்திருப்பவள் தன்னை நம்பிச் சிரித்துக்கொண்டிருக்கும்போது எப்படி வரும்? நடந்ததை எல்லாம் சொல்லிவிட்டாள்.

மஹ்ஜபீன் கத்துவாள் என்று நினைத்தாள். அவள் கத்தவில்லை.

"எங்க ஹாஸ்டல் அட்ரஸ் அதுல இருக்கா செல்வி?"

"இருக்குக்கா."

"எந்த ரூமுக்கு எந்தச் சாவின்னும்?"

"இருக்குக்கா."

மஹ்ஜபீன் எழுந்துகொண்டாள். "வெளியூர்லருந்து படிக்கவும் வேலைக்கும் வந்த புள்ளைக. கதவுல ஒங்க பூட்டு இருக்குன்னு சொல்லித்தான் அவுகளப் பெத்தவுகளுக்குத் தைரியம் குடுத்தேன். இன்னைக்கி ராத்திரி எல்லாரையும் கட்டில நகட்டிக் கதவுக்கு அண்டக் குடுத்துப் படுக்கச் சொல்றேன். வேற என்ன பண்ண?"

அவள் தெருமுனை தாண்டியதும் பிராங்கிளின் பிடித்துக்கொண்டான். ஊருக்கெல்லாம் இனி தெரிந்துவிடும், எதிர்க்கடைக்காரன் இனிப்பு வாங்கிக் கொடுப்பான், உனக்கு வாய் சும்மா இருக்காதா என்று கேட்டான். செல்விக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. லேப்டாப்பை ஜன்னல் வழியாகப் போட்டது யார், பாஸ்வேர்டை ஒட்டியது யார், இதில் தன் வாயைக் குறை சொல்ல இந்த வீட்டில் யாருக்குத் தகுதி இருக்கிறது என்று வரிசையாகக் கேட்டாள். பஸ் டெப்போவில் விசாரித்துவிட்டு வருவதாகச் சொல்லி அவன் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினான். வீட்டில் இருப்பதற்கு அது மேல் என்று அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

மத்தியானம் சாப்பாட்டை யாரும் தொடவில்லை. அப்போது டோனி கூப்பிட்டான். லேப்டாப் வாங்கின அன்று அவன் அதில் ஓர் ஏற்பாடு செய்து வைத்திருந்தான். இன்டர்நெட் கிடைத்த நிமிடத்தில் அது எங்கே இருக்கிறதென்று செல்வியின் போனில் தெரியும். இருந்த இடத்திலிருந்தே அதில் உள்ளதை எல்லாம் அழித்துவிடவும் செய்யலாம்.

"அக்கா, போனப் பாரு. லேப்டாப்ப ஆன் பண்ணிட்டாய்ங்க. திருச்சி ரோட்டுல, அய்யலூர்ல இருக்கு."

போனின் வரைபடத்தில் ஒரு பச்சைப் புள்ளி அசையாமல் நின்றது. செல்வி உடனே பிராங்கிளினைக் கூப்பிட்டாள். அவன் அய்யலூருக்கே நேராகப் போவதாகச் சொன்னான். நான் போய்ச் சேரும்வரை எதையும் தொட்டுவிடாதே என்றும் சொன்னான்.

டோனி அப்படிச் சொல்லவில்லை. ஒட்டியிருந்த பாஸ்வேர்டைப் போட்டு ஆள் உள்ளே போய்விட்டான், நேரம் ஆக ஆகப் படம் எடுத்துக்கொள்ளலாம், காப்பி எடுத்துக்கொள்ளலாம், இப்போதே அழித்துவிடு என்றான்.

மாமனார் பூட்டைக் கீழே வைத்துவிட்டு வந்தார். காலையிலிருந்து அவர் வாயைத் திறந்தது அப்போதுதான்.

"அழிச்சா திரும்ப வராதுல்ல ஆத்தா?"

"வராது மாமா."

"டிஸ்க்கு?"

"அதுவும் அந்தப் பையோடதான மாமா போயிருக்கு. நீங்கதான கட்டுனீங்க."

கடைசி வார்த்தையைச் சொல்லியிருக்க வேண்டாம். அவர் முகம் சுண்டிப்போய்விட்டது. "பிராங்கிளின் போயிட்டுத்தான இருக்கான், செத்த பொறு. என் ஆயுசு பூராவும் அதுலதான் ஆத்தா கெடக்கு" என்றார்.

அவளுடையதும் அதில்தான் கிடந்தது. குழந்தை தூங்குகிற நேரம் பார்த்து ஒவ்வொரு எண்ணாகத் தட்டிய விரல்கள் இவைதான். அழித்துவிட்டால் இனி ஒரு சாவி வெட்ட முடியாது. தொலைத்துவிட்டு வருகிற ஒவ்வொருவரிடமும் பூட்டை உடைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வேண்டும். அப்புறம் இந்தக் கடைக்கும் மூலைப் பெட்டிக்கடைக்கும் என்ன வித்தியாசம்?

பொறுத்தாள். புள்ளி அங்கேயே நின்றது. அந்தப் புள்ளிக்குள் எவனோ உட்கார்ந்து, மூன்றாம் நம்பர் அறை, நாலாம் நம்பர் அறை என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருப்பது போலிருந்தது. கட்டிலை நகர்த்திக் கதவுக்கு அண்டக் கொடுக்கிற பெண்கள் கண்ணுக்கு முன்னால் வந்தார்கள். நாளைக்கே தன் மகள் அனிஷா எந்த ஊரிலோ எந்த ஹாஸ்டலிலோ படுத்திருப்பாள்.

"மாமா, நிம்மதியாத் தூங்கணும்னுதான நம்மகிட்டப் பூட்டு வாங்குறாக" என்றாள்.

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். செல்வி அழுத்தினாள். நிச்சயமாகவா என்று அது மறுபடி கேட்டது. அதையும் அழுத்தினாள். சிறிது நேரத்தில் பச்சைப் புள்ளி காணாமல் போயிற்று.

கையிலிருந்த போனைக் கீழே வைக்கவில்லை, அதற்குள் மணி அடித்தது. தெரியாத நம்பர்.

"இருதயா பூட்டு நிலையமாம்மா? நான் அய்யலூர்லருந்து கருப்பணன் பேசுறேன். ஆட்டு யாவாரம்" என்றது ஒரு தயங்கிய குரல். நேற்று வத்தலக்குண்டில் திருச்சி வண்டியில் ஏறியபோது சீட்டில் ஒரு பை கிடந்ததாம். இடம் போட்டவர் வருவார் வருவார் என்று அதை மடியில் வைத்துக்கொண்டே அய்யலூர் வரைக்கும் வந்தாராம். யாரும் வரவில்லை. விட்டுவிட்டு இறங்கினால் வேறு யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று வீட்டுக்குக் கொண்டுவந்து, காலேஜ் படிக்கிற மகளைத் திறந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார்.

"நேத்தே கூப்புட்டுருப்போம்மா. பையத் தலகீழாக் கொட்டியும் ஒரு போன் நம்பரு இல்ல. மூடியத் தெறந்தா பாஸ்வேர்டு மட்டும் ஒட்டியிருந்துச்சு. பாப்பா இப்பத்தான் உள்ள போயி, அது போன்லருந்து நெட்டக் குடுத்து ஒங்க கட நம்பரக் கண்டுபிடிச்சு எழுதுச்சு. எழுதி முடிக்கவும் பொட்டுன்னு அணைஞ்சு போச்சு. நாங்க வேற ஒண்ணும் பண்ணலம்மா. பாப்பா அழுதுக்கிட்டுக் கெடக்கு."

செல்வி சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எடுத்தவர் தங்கமான மனிதர். பாஸ்வேர்டை ஒட்டத் தெரிந்த குடும்பத்துக்குக் கடையின் போன் நம்பரை ஒட்டத் தெரியவில்லை. ஒட்டியிருந்தால் நேற்று ராத்திரியே விஷயம் முடிந்திருக்கும். யாரைத் திட்டுவது என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. உங்கள் மகள் மேல் ஒரு தப்பும் இல்லை, அழ வேண்டாம் என்று சொல்லுங்கள் என்று சொன்னாள். தன் வீட்டுக்காரர் வந்துகொண்டிருக்கிறார், பையை அவரிடம் கொடுங்கள் என்று வழியும் கேட்டு வாங்கிக்கொண்டாள். மஹ்ஜபீனைக் கூப்பிட்டு, பயப்பட ஒன்றுமில்லை, பிள்ளைகளை நிம்மதியாகப் படுக்கச் சொல்லுங்கள், ஆனால் மூன்றாம் நம்பர் அறைக்குப் புதுப் பூட்டுதான் போட வேண்டும் என்றாள்.

இருதயநாதன் அத்தனையும் கேட்டுக்கொண்டு நின்றார். மெல்ல மெல்ல அவர் முதுகு நிமிர்ந்தது.

"அப்ப பை வருதுல்ல? பையோட டிஸ்க்கும் வருதுல்ல?"

செல்வி நிமிர்ந்து பார்த்தாள்.

"கட்டுனேன்ல ஆத்தா? நீ என்னா பேச்சுப் பேசுன என்னய. பீரோவுல வையி, பீரோவுல வையின்னு."

பீரோவில் இருந்திருந்தால் இந்தப் பாடே பட்டிருக்க வேண்டாம் என்பதை அவருக்கு யார் எடுத்துச் சொல்வது? ஆனாலும் சந்தோஷம் அடித்துக்கொண்டு வந்தது. எல்லாம் அந்த டிஸ்க்கில் இருக்கிறது, பாஸ்வேர்ட் தன்னிடம் இருக்கிறது, ராத்திரிக்குள் பழையபடி ஆகிவிடும். எழுந்துபோய் மாமியாரைக் கூப்பிட்டு எல்லாருக்கும் காபி போட்டாள். இன்னொரு மெழுகுவத்தியும் ஏற்றினார்கள்.

காபி ஆறுவதற்குள் பிராங்கிளின் கூப்பிட்டான். செல்வி எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள். பை கிடைத்துவிட்டது, லேப்டாப் கிடைத்துவிட்டது, கருப்பணன் வீட்டில் மோர் கொடுத்தார்கள் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனான். அந்த இழுவையிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"டிஸ்க் இருக்கா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

"இல்ல செல்வி. கம்பிதான் தொங்குது. வண்டியில ஏறும்போதே அப்பிடித்தான் தொங்குச்சுன்னு இவரு சொல்றாரு. நானும் சனிக்கெழம ஆபீஸ் ரூம்லருந்து பைய எடுத்ததோட சரி, பாக்கல."

அன்னாள் சேசுவே என்றாள். செல்வி வாயைத் திறப்பதற்குள் மாமனார் போனுக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"ஏலே, கம்பி அறுந்துருக்கா, அவுத்துருக்கா? நல்லாப் பாத்துச் சொல்லு."

அந்தப் பக்கம் பையைப் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"அவுத்துருக்குப்பா" என்றான் பிராங்கிளின். "முனை அறுபடாம முழுசா அப்பிடியே இருக்கு."

இருதயநாதன் நிமிர்ந்தார். காபியை ஒரு வாய்கூடக் குடிக்காமல் மேஜையில் வைத்தார். எங்கே போகிறீர்கள் என்று அன்னாள் கேட்கக் கேட்கச் செருப்பை மாட்டிக்கொண்டு கடை வாசலுக்கு வந்தார். செல்வி பின்னாலேயே ஓடி வந்தாள். ஒரு டவுன் பஸ் போகட்டும் என்று நின்றார். அது போனதும் ரோட்டைக் கடந்து, ஒரு வருடமாக ஏறெடுத்தும் பார்க்காத அந்தக் கடையின் படியில் கால் வைத்தார்.

உள்ளே கல்லாவில் உட்கார்ந்திருந்த சூசைமாணிக்கம் எழுந்தான். திடுக்கிட்டதாகத் தெரியவில்லை. அப்பாவுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டான். பிறகு வாசல்வரை வந்து, ரோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கிற செல்வியை ஒரு தரம் பார்த்துவிட்டு, பட்டப்பகலில் உள்ளே நின்றபடியே கடை ஷட்டரை இழுத்து இறக்கினான்.